இதில் யார் பேசவில்லை

அவர் தோளில் தொங்கும் நீலத் துணிப்பைக்குள் எப்போதும் மற்றவர்கள் படித்துவிட்டுப் போட்ட செய்தித்தாள்கள் இருக்கும். காப்பிக் கறை படிந்தவை, சுடோகு பாதி நிரப்பியவை, ஓரத்தில் லாட்டரிக்கு நாலு நம்பர் கிறுக்கியவை, விசிறியாக மடித்து வீசி வீசி முனை கிழிந்தவை. அவர் உட்லண்ட்ஸ் பகுதியில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியதும் இருக்கைகளை ஒரு முறை பார்த்துவருவது ஓட்டுநரின் வேலை. யாராவது விட்டுவிட்டுப் போன குடையும் கைப்பையும் அலுவலகத்துக்குப் போகும். பேப்பரைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்பதால் அது அவருக்கு.

"புதுப் பேப்பர்ல செய்தி மட்டுந்தான் இருக்கும் தம்பி. இதுல யாரு எது வரைக்கும் படிச்சாங்கன்னும் தெரியும்," என்பார்.

நாற்பது வயதைத் தாண்டிய பெண். கழுத்தோடு வெட்டிய முடி. பல வருடங்கள் ஜன்னலோரம் வெயில் பட்டதில் வலது கை மட்டும் இடது கையைவிடக் கறுத்திருக்கும். பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவரை நினைத்தாலே உள்ளே ஒரு காந்தல் எழுகிறது. எத்தனையோ வருடங்கள் ஆகியும் அது ஆறவில்லை. அதற்குப் பொறாமை என்று பெயர் என்பதை என் மனைவி மாலா முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டாள்.

நான் சைனாடவுனில், மாரியம்மன் கோவில் மேளச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். அப்போதே பன்னிரண்டு வருடங்கள் முடிந்திருந்தன. படிப்பை முடித்துவிட்டு நேற்று வந்து சேர்ந்த பிள்ளைகள் கறுப்புக் கோட்டோடு என் மேசைக்கு வந்து, "அண்ணே, இத இன்னிக்கே கோர்ட்டுக்கு அனுப்பிடுங்க," என்பார்கள். அவர்கள் எழுதிய பிரமாணப் பத்திரங்களில் தேதி தப்பாக இருக்கும், கட்சிக்காரரின் பெயர் தப்பாக இருக்கும். நான் திருத்தி அனுப்புவேன். என்னால் முடியாத எதை இவர்கள் செய்கிறார்கள் என்ற கேள்வி என்னைத் தின்றுகொண்டிருந்தது.

வேலை பார்க்கும் பெரியவர்களும் சட்டம் படிக்கலாம், எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு என்று தெரிந்தபோது எனக்கு முப்பத்தேழு வயது. மாலாவிடம் கேட்டேன்.

"ஒரு தடவ எழுது," என்றாள். "கெடைக்கலன்னா அப்புறம் இந்த வீட்ல அதப் பத்திப் பேச்சே இருக்கக் கூடாது. பன்னெண்டு வருஷமா தினமும் சாப்பாட்டோட இதையும் சேத்து முழுங்கிட்டிருக்கேன்."

தேர்வுக்கென்று தனியாகப் பாடப்புத்தகம் கிடையாது, தினமும் பேப்பர் படியுங்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கூட ஒருவர் இருந்தால் நல்லது என்று ஃபேஸ்புக்கில் ஒரு தமிழ்க் குழுவில் எழுதிப்போட்டேன். ஒருவர்தான் பதில் எழுதினார். 'நானும் எழுதுகிறேன். ஞாயிறு காலை எனக்கு ஷிஃப்ட் இல்லை.'

லிட்டில் இந்தியாவில் ஒரு பாய் கடை மாடியில் சந்தித்தோம். சாயங்காலம் ஆனால் அந்தத் தெருவில் நிற்க இடம் இருக்காது. காலையில் காய்கறிப் பெட்டி இறக்கும் சத்தம் மட்டும்தான். கடைக்கார பாய்க்கு எங்களைப் பார்த்தால் சிரிப்பு. "லா படிக்கவா வந்தீங்க லா?" என்று, சட்டத்துக்கான 'லா'வையும் எங்கள் ஊர்ப் பேச்சில் கடைசியில் ஒட்டும் 'லா'வையும் கோத்து ஒவ்வொரு வாரமும் அதே விளையாட்டைச் சொல்லிவிட்டு, தே ஹாலியா என்கிற இஞ்சி டீ இரண்டு வைத்துவிட்டுப் போவார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தடித்த ஃபைலோடு போயிருந்தேன். குற்றம், குடும்பம், வேலையிடம், வீட்டுவசதி என்று பிரித்து, பிரிவுக்கொரு நிறத்தில் தாள் ஒட்டி, ஒவ்வொரு செய்திக்கும் கீழே ஆதரவாக மூன்று வாதம், எதிராக மூன்று வாதம் தட்டச்சு செய்திருந்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டினார்.

"கோர்ட்டு ஃபைல் மாதிரியே இருக்கு," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

பிறகு தன் பையிலிருந்து கசங்கிய ஒரு தாளை எடுத்து மேசையில் நீவி வைத்தார். அடுக்குமாடி வீடுகளில் நடக்கும் வழக்கமான சண்டை. மேல் வீட்டில் பிழியாமல் காயப்போட்ட துணியிலிருந்து நீர் சொட்டிக் கீழ் வீட்டுத் துணி பாழாகிறது. ஆறு மாதமாகத் தகராறு. நான் படித்துவிட்டு, அனுபவிக்கும் உரிமை, தொந்தரவு என்று என் வாதங்களை வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளின் மேல் விரலை வைத்தார்.

"இதுல யாரு பேசல?"

எனக்குப் புரியவில்லை.

"மேல் வீட்டம்மா பேசிருக்காங்க. கீழ் வீட்டுக்காரரு பேசிருக்காரு. டவுன் கவுன்சில் பேசிருக்கு. துணியக் காயப்போட்டது யாரு?"

"மேல் வீட்டம்மாதான்."

"அவங்களுக்கு எழுபத்தெட்டு வயசு, வீல்சேர்ல இருக்காங்கன்னு அஞ்சாவது பாராவுல போட்ருக்கே. அவங்களா மூங்கில் கழியத் தூக்கி வெளிய நீட்டிருப்பாங்க?"

நான் ஐந்தாவது பாராவை மறுபடி படித்தேன். இருந்தது.

"வீட்டுவேலைக்கு ஒரு பொண்ணு இருக்கும். அந்தம்மாவையும் பாத்துக்கிட்டு, துணியையும் பிழிய அதுக்கு நேரம் இருந்துச்சோ என்னவோ. ரெண்டு வீடும் சண்ட போட்டு முடிச்சா திட்டு யாருக்கு விழும்? அந்தப் பொண்ணு இதுல ஒரு வார்த்த பேசல."

பேனாவை எடுத்து ஓரத்தில் 'பணிப்பெண்' என்று எழுதினார். அவ்வளவுதான் அவர் எடுத்த குறிப்பு. எந்தச் செய்திக்கும் அவ்வளவுதான் எழுதுவார். விபத்துச் செய்தி ஓரத்தில் 'லாரிக்காரர் மனைவி'. கடை காலி செய்த செய்தி ஓரத்தில் 'இரண்டாவது வாடகைக்காரர்'. ஒரு முறை 'நாய்' என்று எழுதிவிட்டு அவரே வெகுநேரம் சிரித்தார்.

அன்று வீட்டுக்குப் போய் நானும் ஒரு செய்தியை எடுத்து வைத்துக்கொண்டு இதில் யார் பேசவில்லை என்று தேடினேன். எனக்கு எல்லாரும் பேசிவிட்டதாகவே தோன்றியது.

"என்ன, பேப்பர மொறைச்சுக்கிட்டு இருக்க?" என்றாள் மாலா.

நடந்ததைச் சொன்னேன். பெரிய விஷயமில்லை, எல்லாவற்றிலும் இல்லாத ஆளைத் தேடுவது ஒரு பழக்கதோஷம், தேர்வுக்கு உதவாது என்றெல்லாம் சொன்னேன்.

"உனக்கு அவங்க மேல பொறாமை லா," என்றாள். சாதம் வடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல்.

நாலைந்து மாதங்கள் சந்தித்தோம். எனக்குச் சட்டப் பிரிவுகள் தெரியும். எந்த மனுவை எங்கே கொடுப்பது என்று தெரியும். அவருக்கு அவை தெரியாது, கேட்டுக் குறித்துக்கொள்வார். அந்த அரைமணி நேரம் மட்டும் எனக்கு நிம்மதியாக இருக்கும். பிறகு துணிப்பையைத் திறப்பார்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது தற்செயலாக அவர் ஓட்டிய பஸ்ஸில் ஏறிவிட்டேன். கூட்டம் அதிகம். அவர் என்னைக் கவனிக்கவில்லை. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் நடுவில் ஒருவர் கத்த ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற கட்டுமானத் தொழிலாளி வேண்டுமென்றே தன் மேல் சாய்ந்ததாகவும், சட்டை அழுக்காகிவிட்டதாகவும், இந்த மாதிரி ஆட்களை ஏற்றவே கூடாது என்றும் ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். தொழிலாளி தமிழ்ப் பையன்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பஸ்ஸில் எல்லாரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் அவர் பஸ்ஸை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். கத்தியவரிடம், "நீங்க சொன்னது கேட்டுச்சு, சார்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தொழிலாளியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

அவன் ஒன்றுமில்லை என்று தலையாட்டினான்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லாதீங்க. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"சாப்பாட்டு டப்பா கீழ விழுந்துருச்சுக்கா. குனிஞ்சு எடுத்தேன். அப்பதான் இடிச்சிருச்சு."

அதை அப்படியே ஆங்கிலத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். டப்பா இன்னும் இருக்கையின் அடியில்தான் கிடந்தது. கத்தியவரே காலால் அதை இப்பக்கம் தள்ளிவிட்டார். "சரி, ரெண்டு பேரும் சொல்லிட்டீங்க," என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய் ஓட்டத் தொடங்கினார். மொத்தமும் ஒரு நிமிடம் இருக்காது.

அந்தப் பையனுக்காக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றியதைச் சொல்கிறேன்: இவரை நேர்காணலில் உட்காரவைத்தால் நான் தோற்றுவிடுவேன்.

விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும், ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள் என்று. கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு அவர் தான் எழுதியதை எனக்கு அனுப்பினார். 'தம்பி, நீங்கதான் தினமும் இந்த மாதிரி எழுத்தெல்லாம் பாக்குறவர். எங்கயாவது சரியில்லன்னா சொல்லுங்க.'

வேலைக்குப் போகும் ரயிலில் நின்றபடி படித்தேன். முதல் பத்தி எல்லாரும் எழுதுவதுதான். இரண்டாவது பத்தி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'எங்கள் ஊர் பஸ்ஸில் எல்லாரும் முன்வாசலில் ஏறிப் பின்வாசலில் இறங்குகிறார்கள். ஏறும்போது என்னிடம் பேசுகிறார்கள். இந்த பஸ் போகுமா, எத்தனை மணிக்கு வரும், ஏன் தாமதம். இறங்கும்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒவ்வொரு நாளும் ஆயிரம் பேரைச் சுமந்து போகிறேன், அவர்கள் எப்படி ஏறினார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கண்ணாடியில் தெரியும் முதுகுகளைப் பார்த்து, இவர்களுக்குச் சொல்ல என்ன இருந்திருக்கும் என்று யோசித்து யோசித்துத்தான் இந்தப் படிப்புக்கு வந்து நிற்கிறேன்.'

ஈசூன் நிலையத்தில் ஒரு முறை படித்தேன். பிஷானில் இன்னொரு முறை. நியூட்டன் வருவதற்குள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தாலும் படிப்பவர் இந்த இடத்தில் நின்றுவிடுவார் என்று தெரிந்தது. பன்னிரண்டு வருடமாகப் பிறர் எழுத்தைத் திருத்துகிற எனக்கு அதுகூடத் தெரியாமல் இருக்குமா?

அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் பதில் எழுதிவிட்டேன். 'நல்லா இருக்கு கா. ரெண்டாவது பாரா மட்டும் வேணாம். அதப் படிச்சா உங்கள பஸ் ஓட்டுறவங்களா மட்டுந்தான் பாப்பாங்க. எடுத்துட்டா கௌரவமா இருக்கும்.'

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'சரி தம்பி. எடுத்துட்டேன். ரொம்ப நன்றி.'

அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் வாதாடுவார், நான் விட்டுக்கொடுத்துவிடலாம் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன். அதோடு நிற்கவில்லை. அன்று மதியம் என் கடிதத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தேன். அலுவலகத்தின் முன் கவுண்டருக்கு வருகிறவர்கள், பேசாமல் திரும்பிப் போகிறவர்கள் என்று. அவருடையதைப் போலவே வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தேன். படித்தால் சட்டை மட்டும் அவருடையது, உள்ளே ஆளில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

எழுத்துத் தேர்வுக்கு இருவருக்கும் அழைப்பு வந்தது. ஒரு செய்தியைக் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஒரு குடியிருப்புப் பேட்டையில் முதியோர் பராமரிப்பு இல்லம் கட்டப்போகிறார்கள், எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று குடியிருப்பாளர்கள் கையெழுத்து திரட்டுகிறார்கள். நான் இரண்டு பக்கத்துக்கும் ஐந்தைந்து வாதங்கள் எழுதினேன். நேரம் முடிய எட்டு நிமிடம் மிச்சம் வைத்து, படித்துப் பார்த்து, அடிக்கோடிட்டேன்.

வெளியே வந்தபோது அவர் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி கா?"

"முடிக்கல தம்பி. பாதியிலயே நேரம் போயிருச்சு. அந்த இல்லத்துல இருக்கப்போற பெரியவங்க யாரும் அதுல பேசவே இல்லல்ல, அவங்ககிட்ட யாரு என்ன கேக்கணும்னு எழுதிக்கிட்டே இருந்துட்டேன். நீங்க அவங்கள எங்க வச்சீங்க, முதல்லயா கடைசியிலயா?"

நான் அவர்களை எங்கேயும் வைக்கவில்லை. "கடைசியில," என்றேன்.

நேர்காணலுக்கும் இருவரையும் கூப்பிட்டார்கள், வெவ்வேறு நாளில். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் வேலையைப் பற்றி மரியாதையாகக் கேட்டார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு நடுவிலிருந்த பெண்மணி, "உங்கள் கவுண்டருக்கு வந்து பேசாமல் போகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றார்.

என் நினைவில் வழக்கு எண்கள் வரிசையாக வந்தன. எந்த வருடம், எந்த நீதிமன்றம், எத்தனை பக்கம், எல்லாம் வந்தன. ஒரு முகமும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து எனக்கு வந்த மின்னஞ்சலில் முதல் வரியிலேயே 'வருந்துகிறோம்' இருந்தது. அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டார். பஸ் நிலைய இரைச்சல் பின்னால் கேட்டது.

"தம்பி, எனக்குக் கெடைச்சிருச்சு. உங்களுக்கும் வந்திருக்குமே?"

என் வாய் அதுவாகவே பேசியது. "மாலாவுக்கு ஒடம்பு சரியில்லக்கா. அதனால இந்த வருஷம் வேணாம்னு நானே எழுதிக் குடுத்துட்டேன்."

மறுநாள் ஞாயிறு. காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கையில் மீன் சூப்பும் பார்லித் தண்ணீரும் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். மாலா வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சேலையை இடுப்பில் செருகி, வியர்த்து, நல்ல ஆரோக்கியமாக நின்றாள்.

"ஒடம்பு எப்படிம்மா இருக்கு?" என்றார் அவர்.

மாலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ராத்திரிலாம் தூக்கமில்ல கா," என்று நான் இடையில் புகுந்தேன். "இன்னிக்குத்தான் கொஞ்சம் தேவல..."

"தம்பி சொல்லிட்டாரு," என்றார் அவர், மாலாவை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீங்க சொல்லுங்க."

துடைக்கும் துணி மாலாவின் கையிலேயே இருந்தது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே அழிந்திருப்பேன்.

"இப்பப் பரவால்ல கா," என்றாள் கடைசியில்.

அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பாத்திரங்களை மேசையில் வைத்தார். "சூடா குடிச்சிருங்க ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் பேசவில்லை.

கதவைச் சாத்திவிட்டு மாலா கேட்டாள்: "எனக்கு என்ன நோவுன்னு சொல்லிடு. யாராச்சும் கேட்டா நானும் அதையே சொல்லணும்ல."

அப்புறம் அவள் சொன்னபடியே அந்த வீட்டில் அந்தப் பேச்சு இருக்கவில்லை.

நான் அவர் ஓட்டும் தடத்தை விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தே போக ஆரம்பித்தேன். படித்துக்கொண்டே வார இறுதிகளில் பஸ் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். பல வருடங்கள் கழித்து அவர் கறுப்பு அங்கியோடு நின்ற படத்தை யாரோ வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று தேடினேன். அங்கி மறைத்திருந்தது.

அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது போன வருடம். என் முதலாளியைப் பார்க்க வேறொரு பெரிய வக்கீலோடு வந்திருந்தார். கூட்டம் முடிந்து நேராக என் மேசைக்கு வந்தார். முடி நரைத்திருந்தது, அதே நீளம்.

"கீழ போயி ஒரு தே குடிக்கலாமா தம்பி?"

சவுத் பிரிட்ஜ் சாலையோரக் காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். கோவில் பக்கம் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாலாவைப் பற்றிக் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். இத்தனை வருடமாக என்னிடம் இருந்ததை அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அக்கா, உங்க லெட்டர்ல ரெண்டாவது பாராவ எடுக்கச் சொன்னேன்ல. தெரிஞ்சேதான் சொன்னேன். அதுதான் அதுல இருந்ததிலயே நல்ல பாரா."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "ரெண்டாவது பாராவா? என்ன எழுதிருந்தேன்?"

நான் சொன்னேன். முன்வாசல், பின்வாசல், கண்ணாடியில் தெரியும் முதுகுகள். ஒரு சொல் தவறாமல் முழுவதும் சொன்னேன். அவர் தேயைக் கலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "நானா எழுதினேன்?"

அந்த நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் மன்னித்திருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தால் இன்னும் சுலபம். அந்தப் பத்தியே இல்லாமல்தான் அவர் உள்ளே போயிருந்தார். என் துரோகம் அவருக்கு நினைவில் வைத்துக்கொள்ளும் அளவுக்குக்கூட இருக்கவில்லை.

"எதுக்குத் தம்பி எடுக்கச் சொன்னீங்க?"

"பொறாமைக்கா."

அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் தலையாட்டினார். தேயை எடுத்து மெதுவாகக் குடித்தார்.

"நான் வேற ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்," என்றார் பிறகு. "இன்னிக்கு என்கூட வந்தாருல்ல, அந்தப் பெரியவரும் நானும் சேந்து ஜாலான் புசார்ல ஒரு சின்ன எடம் பாத்திருக்கோம். கீழ ஹார்ட்வேர் கடை, மாடியில நாங்க. பெருசா கேஸுன்னு இருக்காது. வீட்டுவேல செய்றவங்க, கட்டட வேலைக்காரங்க, அந்த மாதிரி ஆளுங்க வருவாங்க. ஃபைல் பாக்க நீங்க வர்றீங்களா?"

"இதக் கேட்டதுக்கு அப்புறமுமா?"

"கேட்டதுக்கு அப்புறந்தான் தைரியமே வந்துச்சு. நான் எழுதி நானே மறந்தத இத்தன வருஷமா மனப்பாடமா வச்சிருக்கீங்க. உங்ககிட்ட குடுத்தா ஒரு தாள் காணாமப் போகாது."

சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மாலாவிடம் சொன்னேன். படுக்கப்போகும்போது, "போலாம்," என்றாள். "உனக்கு அங்க போகணும்னுதான் இருக்கு. ஆனா போக மாட்ட."

இரண்டு வாரம் கழித்து அவர் ஒரு செய்தி அனுப்பினார். 'தம்பி, முடிவு பண்ணிட்டீங்களா?' நான் பத்து முறை எழுதி அழித்துவிட்டு, 'இங்கேயே இருந்துக்கிறேன் கா, பழகிப்போச்சு,' என்று அனுப்பினேன். அவர் பதிலுக்குக் கும்பிடும் கைப்படம் ஒன்றை அனுப்பினார்.

போன மாதம் ஒரு வழக்கில் எதிர்த்தரப்புக்கு அவர்தான் வக்கீல். ஒரு பத்திரம் வந்து சேரவில்லை என்று விசாரிக்க அவருடைய அலுவலகத்துக்கு நான்தான் போன் செய்ய வேண்டியிருந்தது. ஓர் ஆண் எடுத்தார். குரலை வைத்துப் பார்த்தால் என் வயதுதான் இருக்கும்.

"மேடம் கோர்ட்ல இருக்காங்க சார். அந்தப் பத்திரம் நேத்தே ரெடி, அவங்க கையெழுத்துக்குத்தான் நிக்குது. சாயங்காலத்துக்குள்ள நானே கொண்டுவந்து குடுத்துடறேன்."

ஈமெயிலில் அனுப்பினால் போதும் என்றேன்.

"இல்ல சார், எனக்கு நடை தூரந்தான். மேடத்துக்கு ஒரு வேலைய பாதியில விட்டா புடிக்காது." அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறையில்லை, பெருமைதான் இருந்தது. பின்னால் யாரோ ஒரு பெண் எதையோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம், "உக்காருங்க, உக்காருங்க, ஒண்ணும் அவசரமில்ல, மேடம் வந்துருவாங்க," என்றது எனக்குக் கேட்டது.

போனில் பேசியவர் சாயங்காலம் வந்தார். நெற்றி வியர்க்க, உறையை மார்போடு அணைத்துக்கொண்டு. ஜாலான் புசாரிலிருந்து சைனாடவுனுக்கு நடை தூரம் இல்லை. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே தாள்கள் ஒழுங்காக, நான் அடுக்குவதைவிட ஒழுங்காக இருந்தன. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அங்கே ஆள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் படிகளில் வேகமாக இறங்கிப் போனார். ஜன்னலருகே போய், அவர் சாலையைக் கடந்து கூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவை அதன் பிறகு நான் அவ்வளவாக நினைப்பதில்லை. நான் வேண்டாம் என்ற மேசையில் இருக்கும் இந்த ஆளைத்தான் நினைக்கிறேன்.